வாங்கும் நினைவகமும் வணிகத்தின் அமானிதமும்



தாழ்வுபாட்டுக் கரையில் மீன் வாங்குபவரைக் கவனித்துப் பாருங்கள். விலை பேசுமுன் செவுளைத் தூக்கி நிறம் பார்ப்பார். சதையை விரலால் அழுத்துவார். கூடையின் அடியில் இருப்பதையும் புரட்டுவார். அதே மனிதர் தம் மகனின் படிப்புக்காகக் கணினிக்கு நினைவகம், அதாவது ‘ரேம்’, வாங்கும்போது விற்பவரின் சொல்லை மட்டுமே நம்பிப் பணத்தைக் கொடுத்துவிடுகிறார். அந்தச் சிறு பலகையில் எதைப் புரட்டிப் பார்ப்பதென்று அவருக்குத் தெரியாது. தெரியாதவனின் நம்பிக்கை விற்பவரின் கையில் ஓர் அமானிதமாகும்.

நபி (ஸல்) அவர்கள் சந்தையில் ஒரு தானியக் குவியலுக்குள் கையை விட்டார்கள்; உள்ளே ஈரம் தெரிந்தது. மழையில் நனைந்துவிட்டதாக வியாபாரி காரணம் கூறினார். அப்படியானால் மக்கள் காணும்படி அதை மேலே வைத்திருக்க வேண்டாமா என்று கேட்ட நபியவர்கள், மோசடி செய்பவர் தம்மைச் சேர்ந்தவரல்லர் என எச்சரித்ததை ஸஹீஹ் முஸ்லிம் பதிவு செய்துள்ளது. இதில் இரு பாடங்கள் உள்ளன. குறையை மறைக்கலாகாது என்பது விற்பவருக்கு. கையை விட்டுப் பார் என்பது வாங்குபவருக்கு.

நினைவகத்தின் பெயரால் நடந்த ஏமாற்று புதியதன்று. 1995ஆம் ஆண்டு அமெரிக்காவில் ‘சின்க்ரோனிஸ்’ என்ற நிறுவனம் ‘சொஃப்ட்ரேம்95’ என்னும் மென்பொருளை விற்றது. கணினியின் நினைவகத்தை அது இரட்டிப்பாக்கும் என்பதே விளம்பரம். இலட்சக்கணக்கானோர் வாங்கினர். நிபுணர்கள் பிரித்து ஆராய்ந்தபோது, சொன்ன வேலையை அது செய்யவேயில்லை என்பது வெளிப்பட்டது. 1996இல் அமெரிக்க வர்த்தக ஆணையம் நடவடிக்கை எடுத்தது. சோதித்துப் பார்த்தவர்கள் இருந்ததாலேயே உண்மை வெளிவந்தது.

எப்படிச் சோதிப்பது?

முதலாவது, கண்ணால் பாருங்கள். மேசைக் கணினிக்கான டி.டி.ஆர்.3 பலகையில் 240 தொடுமுனைகளும், டி.டி.ஆர்.4 பலகையில் 288 தொடுமுனைகளும் உள்ளன. நடுவிலுள்ள வெட்டின் இடமும் வேறுபடும். ஒன்றின் இடத்தில் மற்றது பொருந்தாது. மடிக்கணினிக்குரியது இவற்றைவிடக் குட்டையானது. ஒட்டுத்தாளில் கொள்ளளவும் வேகமும் எழுதப்பட்டிருக்கும். 3200 என்று கேட்ட உங்களுக்கு 25600 என எழுதிய பலகை கிடைத்தால் திகைக்க வேண்டாம். 3200ஐ 8ஆல் பெருக்கினால் 25600 வரும். முன்னது ஒரு விநாடியில் நிகழும் பரிமாற்றங்களை மில்லியனிலும், பின்னது அவ்விநாடியில் கடக்கும் தரவை மெகாபைட்டிலும் கூறுகிறது. இரண்டும் ஒரே பொருளே.

இரண்டாவது, கணினியிடம் கேளுங்கள். விண்டோஸ் 10 உள்ள கணினியில் கண்ட்ரோல், ஷிஃப்ட், எஸ்கேப் ஆகிய மூன்று விசைகளையும் ஒருசேர அழுத்தி, ‘பெர்ஃபோமன்ஸ்’ பகுதியில் ‘மெமரி’யைத் தெரிவு செய்தால் கொள்ளளவும் இப்போது இயங்கும் வேகமும் தெரியும். ‘சி.பி.யூ-இசட்’ என்ற இலவச மென்பொருளின் ‘எஸ்.பி.டி’ பக்கத்தில் தயாரித்தவர், கொள்ளளவு, உரிய வேகம் ஆகியவை தோன்றும். பலகையிலுள்ள ஒரு சிறு சில்லில் பதிந்திருக்கும் விபரங்களே அவை.

மூன்றாவது, அந்தச் சில்லையும் திருத்தி எழுத முடியும் என்பதால், வேலை வாங்கிப் பாருங்கள். ‘மெம்டெஸ்ட்86’ என்ற மென்பொருளை யூ.எஸ்.பி.யிலிருந்து இயக்கினால், அது நினைவகத்தின் ஒவ்வொரு பகுதியிலும் எழுதி, எழுதியதே திரும்பக் கிடைக்கிறதா என்று வாசித்துப் பார்க்கும். இதற்குப் பல மணி நேரம் செல்லலாம். இஷாவுக்குப் பின் தொடங்கிவிட்டு ஸுபஹுக்கு எழும்போது முடிவைப் பாருங்கள். ஒரு பிழைகூட வரக்கூடாது.

அவசரப்பட்டுப் பழி சுமத்தாதீர்கள்

ஒரு செய்தி வந்தால் அதைத் தெளிவுபடுத்திக்கொள்ளும்படி அல்லாஹ் ஸூரா அல்ஹுஜுராத்தில் நமக்குக் கட்டளையிடுகிறான். அறியாமையால் ஒரு கூட்டத்தாருக்குத் தீங்கிழைத்துவிட்டுப் பின்னர் வருந்த நேரிடும் என்பதே அதன் காரணம். நினைவக விடயத்திலும் இது பொருந்தும். 32 பிட் விண்டோஸில் 4 ஜிபி பொருத்தினாலும் ஏறத்தாழ 3 ஜிபி மட்டுமே பயன்படும். திரைக்காட்சிக்காகக் கணினி ஒரு பங்கை ஒதுக்கிக்கொள்வதும் உண்டு. 3600 வேக நினைவகம், பயோஸில் ‘எக்ஸ்.எம்.பி’ அமைப்பை இயக்கும்வரை 2133 அல்லது 2400 என்று காட்டலாம். தாய்ப்பலகை தாங்காத வேகத்தில் எந்த நினைவகமும் ஓடாது. மெம்டெஸ்ட் பிழை காட்டினாலும், பலகையைக் கழற்றித் துடைத்து வேறொரு இடத்தில் பொருத்தி மீண்டும் சோதியுங்கள். இவற்றைப் பாராமல் ஒரு கடைக்காரரைப் பள்ளிவாசல் வாயிலில் நின்று கள்வன் என்று சொல்லிவிட்டால், அந்த அவதூறை எப்படித் திருப்பி எடுப்பீர்கள்?

மாற்றும் உரிமை

குறை உறுதியானால் மார்க்கம் உங்களுக்கு உரிமை தருகிறது. விற்கும்போதே இருந்து, மறைந்திருந்த குறைக்காகப் பொருளைத் திருப்பிக் கொடுக்கலாம். ஷாபிஈ மத்ஹபின்படி, குறையை அறிந்தவுடன் தாமதமின்றித் திருப்ப வேண்டும். அறிந்தபின் பயன்படுத்திக்கொண்டிருந்தால் அவ்வுரிமை போய்விடும். ஆகவே வாங்கிய அன்றே சோதனையைத் தொடங்குங்கள். கொள்ளளவு, வகை, வேகம், புதியதா பழையதா, உத்தரவாதக் காலம் ஆகியவற்றை எழுதிய பற்றுச்சீட்டைக் கேட்டு வாங்குங்கள். 2003ஆம் ஆண்டின் 9ஆம் இலக்கச் சட்டத்தின்கீழ் இயங்கும் நுகர்வோர் அலுவல்கள் அதிகார சபையிடம் முறையிடவும் வழியுண்டு. அப்போது பற்றுச்சீட்டே உங்கள் சாட்சி.

கணினிக் கடை நடத்தும் இளைஞர்களே! வாங்குபவர் முஸ்லிமா, கத்தோலிக்கரா, இந்துவா என்பது நேர்மையின் அளவை மாற்றாது. பழையதைப் பழையதென்றே சொல்லுங்கள். அவர் முன்னிலையிலேயே பொருத்தி, திரையில் காட்டிக் கொடுங்கள். விற்பவரும் வாங்குபவரும் உண்மை பேசித் தெளிவுபடுத்தினால் அவ்வணிகத்தில் பரக்கத் உண்டாகும் என்றும், மறைத்துப் பொய்யுரைத்தால் அது அழிந்துவிடும் என்றும் நபியவர்கள் போதித்தார்கள். அளவு நிறுவையில் குறைப்போரைக் கண்டிக்கவே ‘அல்முதஃப்பிஃபீன்’ என்றொரு ஸூரா இறங்கியது. அன்று மரக்காலில் குறைத்தார்கள். இன்று ஜிபியில் குறைக்கலாம். இரண்டையும் எழுதும் மலக்குகள் ஒருவரே.

கூடையின் அடியைப் புரட்டும் விழிப்பை வாங்குவோருக்கும், அடியிலிருப்பதை மேலே வைக்கும் துணிவை விற்போருக்கும் வல்ல அல்லாஹ் தந்தருள்வானாக! ஆமீன்.