ஊசித் துளை வைத்தியம் – 9
இரண்டே ஆண்டுகளில் மாறிய தீர்ப்பு

2013 பிப்ரவரி. ஹவாய்த் தீவுகளின் ஹோனலூலு நகரில் பக்கவாத மருத்துவர்களின் சர்வதேச மாநாடு. மூளை ரத்தக் குழாயில் அடைத்துக்கொண்ட ரத்தக் கட்டியை, தொடை இடுக்கில் ஊசி குத்தி, அந்தத் துளை வழியாக ஒரு மெல்லிய குழாயை மூளைவரை செலுத்தி எடுத்துவிடலாம் என்று பல நாடுகளில் மருத்துவர்கள் ஏற்கெனவே செய்யத் தொடங்கியிருந்தார்கள். அதனால் நோயாளிக்கு உண்மையில் நன்மை உண்டா? இந்தக் கேள்வியைச் சோதித்த மூன்று ஆய்வுகளின் முடிவுகள் அங்கே வெளியாயின.

மூன்றும் ஒரே பதிலைத்தான் சொல்லின: கூடுதல் பலன் எதுவும் தெரியவில்லை.

அவற்றில் பெரியது ‘ஐ.எம்.எஸ். 3’. 656 நோயாளிகள் அதில் சேர்க்கப்பட்டிருந்தார்கள். கட்டியைக் கரைக்கும் ஊசி மருந்து மட்டும் பெற்றவர்களில் 38.7 சதவிகிதம் பேர் மூன்று மாதங்களுக்குப் பிறகு பிறர் உதவியின்றித் தங்கள் வேலைகளைத் தாங்களே செய்யும் நிலையில் இருந்தார்கள். ஊசியோடு குழாய் சிகிச்சையும் பெற்றவர்களில் 40.8 சதவிகிதம். இந்தச் சிறிய வித்தியாசம் தற்செயலாகவும் வந்திருக்கலாம். தொடர்ந்து பயனில்லை என்று ஆய்வைப் பாதியிலேயே நிறுத்திவிட்டார்கள். இத்தாலியில் 362 பேரிடம் நடந்த ஆய்விலோ ஊசி மட்டும் போட்டுக்கொண்டவர்களின் கைதான் சற்று ஓங்கியிருந்தது.

இந்தச் சிகிச்சையைச் செய்துவந்தவர்களுக்கு இது பேரிடி. அசையாமல் கிடந்த கை, கட்டியை எடுத்ததும் மேசையிலேயே அசைவதைக் கண்ணால் பார்த்தவர்கள் அவர்கள். ஆனால் கண்ணால் பார்த்தது மட்டும் மருத்துவத்தில் சாட்சியாகிவிடாது. சில நோயாளிகள் எந்தச் சிகிச்சையும் இல்லாமலேகூடத் தேறுவதுண்டு. யார் சிகிச்சையால் தேறினார், யார் தானாகத் தேறினார் என்று பிரித்துச் சொல்ல, ஒப்பிட்டுப் பார்க்க இன்னொரு குழு வேண்டும்.

ஊசித் துளை வைத்தியத்தின் தொடக்கமே ஒற்றை நோயாளியின் கதைதான். அதற்கு அடித்தளம் போட்டவர் ஸ்வீடனைச் சேர்ந்த ஸ்வென் இவார் செல்டிங்கர். 1953-இல் அவர் வெளியிட்ட முறை எளிமையானது. ரத்தக் குழாயில் துளையுள்ள ஊசியைக் குத்த வேண்டும். அந்த ஊசிக்குள் ஒரு மெல்லிய கம்பியை விட்டு, ஊசியை உருவிவிட வேண்டும். பிறகு நூலில் மணியை நழுவவிடுவதுபோல் கம்பியின் மேல் குழாயை நழுவவிட்டு, கம்பியையும் எடுத்துவிட வேண்டும். தோலைக் கிழிக்காமல் ரத்தக் குழாய்க்குள் போவதற்கு அன்று கிடைத்த அந்த வழியில்தான் இன்றும் உலகின் எல்லாக் குழாய் சிகிச்சைக் கூடங்களிலும் (‘கேத் லேப்’) வேலை நடக்கிறது.

செல்டிங்கரின் வழியில் குழாயை உள்ளே விட்டவர்களின் நோக்கம் படம் எடுப்பது. சிகிச்சையே செய்யலாம் என்று காட்டியவர் அமெரிக்காவின் போர்ட்லண்ட் நகர ரேடியாலஜிஸ்ட் சார்லஸ் டாட்டர். 1964 ஜனவரி 16 அன்று 82 வயது மூதாட்டி ஒருவரை அவரிடம் கொண்டுவந்தார்கள். காலுக்கு ரத்தம் போகாமல் விரல்கள் அழுகத் தொடங்கியிருந்தன. காலை எடுக்க வேண்டும் என்றார்கள், அவர் சம்மதிக்கவில்லை. டாட்டர் தொடையின் ரத்தக் குழாயிலிருந்த அடைப்பு வழியாகக் கம்பியைச் செலுத்தி, ஒன்றைவிட ஒன்று பெரிதான குழாய்களால் அதை விரித்தார். கால் சூடேறியது, வலி நின்றது, புண் ஆறியது. இரண்டரை ஆண்டுகள் கழித்து நிமோனியாவில் அவர் இறக்கும்வரை அந்தக் கால் அவரோடு இருந்தது. சொந்த நாட்டில் டாட்டருக்குக் கிடைத்த வரவேற்பு குறைவு. ஐரோப்பியர்கள்தான் அவர் முறையை வளர்த்தார்கள். 1977-இல் சூரிச் நகரில் ஆண்ட்ரியாஸ் குரூன்ட்சிக் இதயத்தின் ரத்தக் குழாயைப் பலூன் வைத்து விரித்ததும் அந்த வழியில்தான்.

டாட்டர் ஒரு கதவைத் திறந்தார். அந்தக் கதவு வழியாக யாரை அனுப்ப வேண்டும், யாரை அனுப்பக் கூடாது என்பதற்கு விடை தேடத்தான் அடுத்த 50 ஆண்டுகள் பிடித்தன. ஹோனலூலுவின் தோல்வியும் அந்தத் தேடலின் ஒரு பகுதியே.

தோல்வியின் காரணங்களை ஆராய்ந்தபோது மூன்று குறைகள் துலங்கின. முதலாவது, பலருக்குப் பெரிய ரத்தக் குழாயில் அடைப்பு இருக்கிறதா என்று சி.டி. ஆஞ்சியோகிராம் எடுத்து உறுதிசெய்யாமலே ஆய்வில் சேர்த்திருந்தார்கள். எடுக்கக் கட்டியே இல்லாதவருக்குக் கட்டியை எடுக்கும் சிகிச்சை எப்படிப் பலன் தரும்? இரண்டாவது, அன்றைய கருவிகள் பழையவை. தக்கைத் திருகிபோல் சுருண்ட கம்பியால் கட்டியைக் கொக்கி போட்டு இழுப்பார்கள். பல நேரம் கட்டி முழுதாக வராது. மூன்றாவது, தாமதம். பெரிய ரத்தக் குழாய் அடைத்துக்கொண்டால் ஒவ்வொரு நிமிடமும் சராசரியாக 19 லட்சம் நரம்பு செல்கள் மடிகின்றன என்று 2006-இலேயே கணக்கிட்டிருக்கிறார்கள்.

அப்போது நெதர்லாந்து எடுத்த ஒரு முடிவை இங்கே சொல்லியாக வேண்டும். ஆய்வில் சேரும் நோயாளிகளுக்கு மட்டுமே இந்தச் சிகிச்சைக்கான பணம் காப்பீட்டிலிருந்து கிடைக்கும் என்று 2013-இலிருந்து அந்த நாடு விதித்தது. நிரூபிக்கப்படாத சிகிச்சை ஆய்வுக்கு வெளியே பரவுவதற்கு அது ஒரு கடிவாளம். நாட்டின் 16 மருத்துவமனைகளில் 500 நோயாளிகள் ‘மிஸ்டர் கிளீன்’ என்ற ஆய்வில் சேர்ந்தார்கள். அத்தனை பேருக்கும் அடைப்பு இருப்பது படத்தில் உறுதியானது. சிகிச்சை ஆறு மணி நேரத்துக்குள் தொடங்க வேண்டும் என்று விதி இருந்தது. பெரும்பாலோருக்குப் புதிய கருவியான ‘ஸ்டென்ட் ரிட்ரீவர்’ பயன்பட்டது. இந்த வலைக்குழாய் கட்டிக்குள் போய் விரியும். கட்டி வலையில் சிக்கிக்கொண்டதும் இரண்டையும் சேர்த்து வெளியே இழுத்துவிடுவார்கள்.

2014 அக்டோபரில் இஸ்தான்புல் நகரில் முடிவை அறிவித்தார்கள். வழக்கமான சிகிச்சை மட்டும் பெற்றவர்களில் 19.1 சதவிகிதம் பேர் மூன்று மாதத்தில் சொந்தக் காலில் நின்றார்கள். குழாய் சிகிச்சையும் சேர்ந்தபோது அது 32.6 சதவிகிதமானது. இதைக் கேட்டதும், உலகின் மற்ற இடங்களில் நடந்துகொண்டிருந்த ஆய்வுகளைக் கண்காணித்த குழுக்கள் தங்கள் கணக்குகளைத் திறந்து பார்த்தன. அங்கேயும் நன்மை தெளிவாக இருந்ததால் ஆய்வுகள் முன்கூட்டியே முடிக்கப்பட்டன. 2015-இல் ஐந்து ஆய்வுகள் கையில் இருந்தன. அவற்றின் 1,287 நோயாளிகளை ஒன்றுசேர்த்து எடுத்த கணக்கில், தேறியவர்கள் குழாய் சிகிச்சைப் பக்கம் 46 சதவிகிதம், வழக்கமான சிகிச்சைப் பக்கம் 26.5 சதவிகிதம். மூளையில் ரத்தக்கசிவு இரு பக்கமும் ஏறத்தாழ ஒரே அளவு. 2018-இல் வந்த ‘டான்’ ஆய்வு, மூளையில் காப்பாற்றக்கூடிய பகுதி இன்னும் மிச்சமிருப்பதாக ஸ்கேன் காட்டும் நோயாளிகளுக்கு 24 மணி நேரம்வரைகூட இது உதவும் என்று காட்டியது: குழாய் சிகிச்சை பெற்றவர்களில் தேறியவர்கள் 49 சதவிகிதம், பெறாதவர்களில் 13 சதவிகிதம்.

நுழைந்த ஊசித் துளையும் போன பாதையும் மாறவில்லை. சரியான நோயாளியைப் படம் பார்த்துத் தேர்ந்தெடுத்ததும், நேரத்தைக் குறைத்ததும், கருவியை மேம்படுத்தியதும்தான் தீர்ப்பை மாற்றின.

கல்லீரல் புற்றுநோயிலும் இதே பாடம்தான். ஆரோக்கியமான கல்லீரல் தன் ரத்தத்தில் பெரும்பகுதியைப் போர்ட்டல் சிரை வழியாகப் பெறுகிறது. புற்றுக்கட்டியோ தமனி ரத்தத்தை நம்பி வளர்கிறது. எனவே அந்தத் தமனிக்குள் குழாயை விட்டு, கட்டிக்குப் போகும் கிளையில் மட்டும் புற்றுநோய் மருந்தைச் செலுத்தி ரத்த ஓட்டத்தையும் அடைத்துவிடுகிறார்கள். 2002-இல் பார்சலோனா மருத்துவர்கள் வெளியிட்ட ஆய்வில், அறுவை சிகிச்சைக்கு வழியில்லாத நோயாளிகளில் இந்தச் சிகிச்சை பெற்றவர்களில் 63 சதவிகிதம் பேர் இரண்டாண்டுகள் கடந்து உயிரோடு இருந்தார்கள். பெறாதவர்களில் 27 சதவிகிதம். ஆனால் அந்த ஆய்வுக்காகப் பரிசோதிக்கப்பட்டவர்கள் 903 பேர். சேர்த்துக்கொள்ளப்பட்டவர்கள் 112 பேர் மட்டுமே. கல்லீரல் ஏற்கெனவே நலிந்துபோனவருக்கு இதே சிகிச்சை கல்லீரல் செயலிழப்பைக் கொண்டுவரக்கூடும். ‘பக்கத்துத் தெருக்காரருக்குச் செய்தார்களே, எங்கள் அப்பாவுக்கு ஏன் மாட்டேன் என்கிறார்கள்?’ என்று கேட்கும் குடும்பங்கள் 903, 112 என்ற இந்த இரண்டு எண்களையும் சேர்த்துப் பார்க்க வேண்டும்.

சோதித்துப் பார்த்ததில் தேறாத சிகிச்சைகளும் உண்டு. எலும்புத் தேய்மானத்தால் நொறுங்கிய முதுகெலும்புக்குள் எக்ஸ்-ரே வழிகாட்டலில் ஊசி செலுத்தி எலும்பு சிமென்ட்டை நிரப்பும் முறை ஒரு காலத்தில் வேகமாகப் பரவியது. 2009-இல் இரண்டு ஆய்வுகள் அதைக் கடுமையாகச் சோதித்தன. ஒரு குழுவுக்கு உண்மையான சிகிச்சை; மறு குழுவுக்கு மரத்துப்போகும் ஊசியும் சிகிச்சையின் நடிப்பும் மட்டும். சந்தேகம் வராமலிருக்க, அறையில் சிமென்ட் வாடை வீசும்படிகூடச் செய்தார்கள். இரு குழுவினருக்கும் வலி ஒரே மாதிரிதான் குறைந்தது.

காலம் போகப்போக வெளுக்கும் சாயமும் இருக்கிறது. வயிற்றுப் பெருந்தமனி வீங்கிப்போனவர்களுக்கு வயிற்றைத் திறக்காமல் உள்ளே ஸ்டென்ட் குழாயைப் பொருத்தலாம். பிரிட்டனில் நடந்த ‘ஈவார் 1’ ஆய்வில், சிகிச்சை முடிந்து 30 நாட்களுக்குள் இறந்தவர்கள் ஸ்டென்ட் குழுவில் 1.7 சதவிகிதம், திறந்த அறுவை சிகிச்சையில் 4.7 சதவிகிதம். பெரிய வெற்றி என்றே தோன்றியது. அதே நோயாளிகளைத் தொடர்ந்து கவனித்து 2016-இல் வெளியிட்ட முடிவு வேறாக இருந்தது. எட்டு ஆண்டுகளுக்குப் பிறகு ஸ்டென்ட் குழுவில்தான் இறப்பு அதிகம். ஸ்டென்ட் வைத்த பிறகும் வீக்கம் வெடித்தது ஒரு முக்கியக் காரணம். எனவே ஸ்டென்ட் வைத்தவர்கள் வாழ்நாள் முழுக்க ஸ்கேன் எடுத்துக் கண்காணிப்பில் இருக்க வேண்டும். ‘நல்லாத்தானே இருக்கேன்’ என்று நிறுத்திவிடுவது ஆபத்து.

பாதுகாப்பு விஷயத்திலும் துளையின் அளவை வைத்துக் கணக்குப் போட முடியாது. புண் சிறியது, வலி குறைவு, வீடு திரும்பும் நாள் சீக்கிரம் என்பதெல்லாம் உண்மை. ஆனால் குழாய் உள்ளே தொடும் இடங்கள் பெரியவை. ரத்தக் குழாயின் சுவர் கிழியலாம். எடுக்கும்போது கட்டி உடைந்து வேறு கிளையில் போய் அடைக்கலாம். ‘மிஸ்டர் கிளீன்’ ஆய்விலேயே, மூளையின் வேறு பகுதியில் புதிய பக்கவாதம் வந்தவர்கள் குழாய் சிகிச்சைக் குழுவில் 5.6 சதவிகிதம், மறு குழுவில் 0.4 சதவிகிதம். அந்தச் சேதத்தையும் கழித்த பிறகுதான் சிகிச்சை வென்றது.

ஊசி குத்திய இடத்தில் ரத்தம் கசியலாம். தொடையில் குத்தியவர்களைச் சில மணி நேரம் காலை மடக்காமல் படுக்கச் சொல்வது அதனால்தான். படத்தில் ரத்தக் குழாய் தெரிவதற்காகச் செலுத்தும் ‘டை’யில் அயோடின் இருக்கிறது. அதைச் சிறுநீரகம்தான் வெளியேற்ற வேண்டும். அதனால் அவசரமில்லாத சிகிச்சைகளுக்கு முன் கிரியாட்டினின் பரிசோதனை பார்க்கிறார்கள். சிறுநீரகம் பலவீனமான சர்க்கரை நோயாளிகளிடம் மெட்ஃபார்மின் மாத்திரையைச் சில நாள் நிறுத்தச் சொல்வதும் உண்டு. நீண்ட நேரம் ஒரே இடத்தில் எக்ஸ்-ரே பட்டால் தோல் வெந்துபோகக்கூடும் என்று அமெரிக்க மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பு 1994-லேயே எச்சரித்தது. இந்தப் புண் பல நாட்களோ வாரங்களோ கழித்துத் தெரியலாம் என்பதால், முதுகில் எழுந்த சிவப்பையும் பழைய சிகிச்சையையும் நோயாளி தொடர்புபடுத்தாமலே போகலாம்.

நோயாளியைச் சரியான இடத்துக்கு விரைவாகச் சேர்ப்பதில் தமிழ்நாட்டுக்கு நேரடி அனுபவம் இருக்கிறது. மாரடைப்பு நோயாளிகளுக்காகச் சிறிய மருத்துவமனைகளையும் கேத் லேப் உள்ள பெரிய மருத்துவமனைகளையும் ஆம்புலன்ஸையும் ஒரே வலையாக இணைத்துப் பார்த்த ‘தமிழ்நாடு ஸ்டெமி’ ஆய்வு 2017-இல் வெளியானது. 2,420 நோயாளிகள் அதில் இருந்தார்கள். இணைப்புக்கு முன் ஓராண்டுக்குள் இறந்தவர்கள் 17.6 சதவிகிதம், பிறகு 14.2 சதவிகிதம். யாரை எங்கே எவ்வளவு விரைவாகச் சேர்ப்பது என்ற ஒழுங்கு உயிரைக் காக்கும் என்பதற்கு நம் மண்ணிலேயே கிடைத்த சான்று இது.

அவசரமில்லாத நேரத்தில் ஒப்புதல் படிவத்தில் கையெழுத்துப் போடும் முன் மருத்துவரிடம் நான்கு கேள்விகளைத் தயங்காமல் கேளுங்கள். இந்த நோயின் இந்தக் கட்டத்தில் இருப்பவர்களிடம் இது சோதிக்கப்பட்டதா? மாத்திரையோ திறந்த அறுவை சிகிச்சையோ மாற்றாக உண்டா? இங்கே இதை அடிக்கடி செய்கிறீர்களா? வீடு திரும்பிய பிறகு எவ்வளவு காலம் கண்காணிப்பு வேண்டும்? சர்க்கரை, சிறுநீரகக் கோளாறு, ஒவ்வாமை, ரத்தத்தை இளக்கும் மாத்திரை பற்றியெல்லாம் நீங்களே முன்வந்து சொல்லிவிடுங்கள்.

பக்கவாதம் வந்தால் இத்தனைக்கும் நேரம் இருக்காது. வாய் கோணினாலோ, ஒரு கை தளர்ந்தாலோ, பேச்சு குழறினாலோ, படுத்து எழுந்தால் சரியாகிவிடும் என்று காத்திருக்காதீர்கள். கடைசியாக எத்தனை மணிக்கு அவர் நன்றாக இருந்தார் என்பதைக் குறித்துக்கொண்டு உடனே 108-ஐ அழையுங்கள். சி.டி. ஸ்கேனும் பக்கவாத சிகிச்சையும் உள்ள மருத்துவமனைக்கு நேராகக் கொண்டுபோகச் சொல்லுங்கள்.

(தொடரும்)