நேற்று நன்றாக இருந்த பூனை

கொடைக்கானலில் ஜனவரிக் காலைகளில் ஏரிக்கரைப் புல்வெளி உறைபனியால் வெளுத்திருக்கும். வத்தலக்குண்டு மலைச்சாலையில் ஏறிவரும் வண்டிகளுக்கோ என்ஜின் கொதிக்கும். இரண்டுக்கும் மருந்து ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட். அதிலுள்ள எத்திலீன் கிளைக்கால் நீரின் உறைநிலையைத் தாழ்த்துகிறது, கொதிநிலையை உயர்த்துகிறது. மேல்நிலை வகுப்பில் கரைசல்கள் பாடம் நடத்தும்போது ஆண்டுதோறும் இதைச் சொல்வேன். அது நஞ்சு என்று ஒருமுறைகூடச் சொன்னதில்லை.

சொல்ல வைத்தது ஒரு மாணவியின் பூனை. வீட்டு வாசலில் நின்ற வேனுக்கடியில் கூலன்ட் பச்சையாக ஒழுகியிருந்தது. பூனை அதில் நடந்து, பாதத்தை நக்கியிருக்கிறது. மாலையில் தள்ளாடியது, வாந்தி எடுத்தது. இரவில் தள்ளாட்டம் குறையவே, சரியாகிவிட்டது என்று விட்டுவிட்டார்கள். மறுநாள் சிறுநீர் நின்றது. மூன்றாம் நாள் இறந்தது.

“நேத்து நல்லாத்தானே இருந்துச்சு, மிஸ்?” என்று அவள் கேட்டபோது என்னிடம் பதில் இல்லை. படித்துத் தெரிந்துகொண்டு, அடுத்த வாரம் வகுப்பில் விளக்கினேன்.

எத்திலீன் கிளைக்கால் முதலில் தருவது வெறும் போதைதான். பெரிய கேட்டைச் செய்வது கல்லீரல் அதை மாற்றி உண்டாக்கும் பொருள்கள். ஆல்கஹால் டிஹைட்ரஜனேஸ் என்னும் நொதி அந்த மாற்றத்தைத் தொடங்கிவைக்கிறது. முடிவில் உருவாகும் ஆக்சாலிக் அமிலம் கால்சியத்துடன் சேர்ந்து சிறுநீரகத்தில் படிகமாகப் படிகிறது. பூனை தேறியதுபோலத் தெரிந்த அந்த இரவில்தான் இது நடந்துகொண்டிருந்தது.

சிகிச்சையும் அந்த நொதியில்தான் இருக்கிறது. கால்நடை மருத்துவர் எத்தனாலைச் சொட்டுச் சொட்டாக நரம்பில் ஏற்றுவார். நொதி எத்தனாலையே விரும்பிப் பற்றுவதால் கிளைக்கால் மாறாமல் சிறுநீரில் வெளியேறிவிடும். பாடநூலில் உள்ள ‘போட்டித் தடுப்பு’ இதுதான். ஃபோமெபிசோல் என்ற மருந்தும் இதே நொதியைத் தடுக்கிறது. ஆனால், பூனைக்குச் சுமார் 3 மணி நேரத்துக்குள் சிகிச்சை தொடங்க வேண்டும். மூன்று கிலோ பூனையைக் கொல்ல ஒரு தேக்கரண்டி கலக்காத கிளைக்காலே போதும். வீட்டில் மதுவைப் புகட்டிப் பார்ப்பது ஆபத்து. கூலன்ட் டப்பாவையும் எடுத்துக்கொண்டு உடனே மருத்துவமனைக்குப் போவதே வழி.

இது பூனையோடு முடிவதில்லை. 2025இல் மத்தியப் பிரதேசத்தின் சிந்துவாராவில் இருமல் மருந்து குடித்த குழந்தைகள் சிறுநீரகம் செயலிழந்து இறந்தார்கள். காஞ்சிபுரம் மாவட்டத்தில் தயாரான அம்மருந்தில் இருந்தது டைஎத்திலீன் கிளைக்கால், இதே குடும்பத்துப் பொருள். கிளைக்கால் இனிக்கும். பூனைக்கு இனிப்புச் சுவை தெரியாது, குழந்தைக்குத் தெரியும்.

ஆகவே, இப்போது பாடத்தோடு மூன்று செய்திகள் சேர்த்துச் சொல்கிறேன்: கூலன்டைக் குளிர்பானப் பாட்டிலில் ஊற்றி வைக்காதீர்கள். ஒழுகினால் மணல் போட்டு அள்ளி, நன்றாகக் கழுவிவிடுங்கள். குழந்தை குடித்துவிட்டால், நன்றாக இருப்பதுபோலத் தெரிந்தாலும் காத்திருக்காமல் 108ஐ அழையுங்கள்.