வீரிய ஒட்டுத் தக்காளியும் வீட்டு வித்தும்

தினை விதைத்தவன் தினை அறுப்பான் என்பது நம் முதுமொழி. கடைத் தக்காளியின் விதையை ஊன்றிப் பார்த்தவர் இம்மொழியை ஐயுற நேர்வதுண்டு. சைதாப்பேட்டைச் சந்தையில் நாட்டுத் தக்காளி, பெங்களூர்த் தக்காளி என இரு குவியல்களைக் காண்கிறோம். பின்னது பெரும்பாலும் வீரிய ஒட்டு வகையைச் சார்ந்தது. அதன் விதை மலட்டு விதை, முளைக்காது என்னும் எண்ணம் பலரிடம் வேரூன்றியுள்ளது. அவ்வெண்ணம் எத்துணைப் பொருந்தும் என்பதை ஈண்டு ஆராய்வோம்.

வீரிய ஒட்டு என்பது யாது? நிலைத்த பண்புடைய இரு வகைகளுள் ஒன்றன் பூவில், அது மலருமுன் மகரந்தப் பைகளை நீக்கி, மற்றதன் மகரந்தத்தைக் கையால் சேர்த்துப் பெறும் முதல் தலைமுறையே அது. அத்தலைமுறைச் செடிகள் யாவும் ஒரே சீராய் அமையும். அவற்றின் கனியே நம் கூடைக்கு வருகிறது. கனிக்குள் இருக்கும் விதையோ இரண்டாம் தலைமுறை. அது மலடன்று, முளைக்கும், காய்க்கும். ஆயின் தாயை முற்றும் ஒவ்வாது. 1865ஆம் ஆண்டில் மெண்டல் பட்டாணிச் செடியைக் கொண்டு விளக்கிய உண்மை இதுவே. முதல் தலைமுறையில் மறைந்திருந்த பண்பு, அடுத்த தலைமுறையில் ஏறத்தாழ நான்கில் ஒரு பங்குச் செடிகளில் வெளிப்படும். ஆகவே, ஒரே கனியின் விதைகளிலிருந்து உருண்டையும் நீளமுமாகப் பல்வேறு காய்கள் தோன்றுதல் கூடும்.

உழவர்க்கு இடர் இங்கேதான். பெங்களூர் இந்தியத் தோட்டக்கலை ஆராய்ச்சி நிறுவனம் உருவாக்கிய அர்கா ரக்ஷக் என்னும் ஒட்டு வகை, இலைச்சுருள், பாக்டீரியா வாடல், முன்பருவக் கருகல் ஆகிய மூன்று நோய்களைத் தாங்க வல்லது. அதன் விதையைச் சேமித்து விதைப்பின், அத்திறன் முழுமையாக எல்லாச் செடிக்கும் கிட்டாது. ஏக்கர் கணக்கில் பயிரிடுவோர்க்கு இஃது இழப்பு. எனவே அவர்கள் பருவந்தோறும் புதுவிதை வாங்குகின்றனர். மாடியில் பத்துத் தொட்டி வைப்போர்க்கோ இதுவே வாய்ப்பு.

நன்கு பழுத்த கனியின் விதையைச் சாற்றோடு இரண்டு மூன்று நாள் புளிக்கவிட்டு, வழவழப்பு நீங்கக் கழுவி, நிழலில் உலர்த்துக. விளைந்தவற்றுள் நோயின்றிச் சிறந்த செடியைத் தேர்ந்து, அதன் விதையை மட்டும் மீண்டும் விதைக்க. தக்காளி பெரும்பாலும் தன் மகரந்தத்தாலேயே சூல் கொள்வது. ஆதலின் கலப்பு நிலை தலைமுறைதோறும் பாதியாகக் குறைந்து, ஆறேழு தலைமுறையில் பண்பு பெரும்பாலும் நிலைபெறும். ஆண்டுக்கு இரு போகம் எனக் கொண்டாலும் மூன்றாண்டுப் பொறுமை வேண்டும். அத்துணைக் காத்திருக்க இயலாதோர், பெரியகுளம் தோட்டக்கலைக் கல்லூரி வெளியிட்ட பி.கே.எம்.1 போன்ற நிலைத்த வகையை விதைக்கலாம். அதன் வித்து தாயை ஒத்தே விளையும்.

தம் விளைச்சலின் விதையைச் சேமிக்கவும் விதைக்கவும் பகிரவும் உழவர்க்குள்ள உரிமையை, 2001ஆம் ஆண்டின் பயிர் வகைகள் பாதுகாப்பு, உழவர் உரிமைச் சட்டம் ஏற்றுள்ளது. உரிமை ஏட்டில் இருந்தால் மட்டும் போதாது. தேர்ந்தெடுக்கும் அறிவும் நம் கையில் இருத்தல் வேண்டும். தமிழ்நாடு வேளாண்மைப் பல்கலைக்கழகத்தின் மூலவித்தான வேளாண் பள்ளி, 1906இல் கோயம்புத்தூருக்குப் பெயருமுன் இச்சைதாப்பேட்டையில்தான் இருந்தது. பயிர்க்கல்வி முளைவிட்ட இம்மண்ணில், மாணவச் செல்வங்கள் ஆளுக்கொரு தொட்டியேனும் வைத்து, தமக்கென ஒரு வித்தினை உருவாக்கிக் காட்டுவார்களாக!