முனையத்தில் இயங்கும் செயற்கை நுண்ணறிவு நிரல் உதவியாளர்கள்: செலவுக் குறைப்பு நெறிகள் - தமிழ்த் தரவக ஆய்வை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

முனையத்தில் இயங்கும் நிரல் உதவியாளர்களின் கட்டணம், கேட்கப்படும் வினாக்களின் எண்ணிக்கையைக் காட்டிலும் ஒவ்வொரு முறையும் அனுப்பப்படும் உரையின் அளவையே பெரிதும் சார்ந்துள்ளது. அக்கட்டணம் பெருகும் முறையையும் அதனைக் குறைக்கும் வழிகளையும் இக்கட்டுரை விளக்குகிறது. செலவைக் குறைக்கும் வழியே ஆய்வுநெறிக்கும் உகந்தது என்பதை நிறுவுகிறது.

முன்னுரை

சொல்லடைவு தொகுத்தல், பாடவேறுபாடு ஒப்பிடல், சொல் நிகழ்வெண் காணல் ஆகிய பணிகளுக்கு இன்று நிரல்கள் தேவைப்படுகின்றன. நிரலாக்கப் பயிற்சி இல்லாத ஆய்வாளருக்கு ஆந்த்ரோபிக்கின் கிளாட் கோட், ஓப்பன்ஏஐயின் கோடெக்ஸ், திறமூல மென்பொருளான ஏய்டர் முதலியன துணைசெய்கின்றன. இவை கணினியின் கோப்புகளைத் தாமே படித்து, நிரல் எழுதி, இயக்கியும் பார்ப்பன. பயன்பாட்டு அளவுக்கேற்பக் கட்டணம் செலுத்துவோருக்கு, செலவு எங்கே பெருகுகிறது என்பதை அறிவது இன்றியமையாததாகிறது.

கட்டணம் பெருகும் முறை

மொழி மாதிரிகள் உரையை டோக்கன்களாகப் பகுத்து அளக்கின்றன. மாதிரிக்குத் தனி நினைவு இல்லை. ஆதலால் ஒவ்வொரு வினாவின்போதும் முந்தைய உரையாடலும் படித்த கோப்புகளும் மீண்டும் அனுப்பப்படுகின்றன. தொடக்கத்தில் 20,000 டோக்கன்கள், ஒவ்வொரு முறையும் 2,000 டோக்கன்கள் கூடுதல் எனக் கொண்டால், 30 முறைகளில் உள்ளீடு 14,70,000 டோக்கன்களாகும். 2025 மே மாதம் வெளியானபோது கிளாட் சானெட் 4 மாதிரிக்கு, பத்து லட்சம் டோக்கன்களுக்கு உள்ளீட்டுக் கட்டணம் 3 டாலராக இருந்தது. வெளியீட்டுக் கட்டணம் 15 டாலராக இருந்தது. இவ்விலையில் உள்ளீட்டுக்கு மட்டும் 4.41 டாலர் ஆகும்.

இடைச்சேமிப்பின் பயன்

மாறாத முற்பகுதியைச் சேமித்து மீளப் பயன்படுத்தும் வசதியை ஆந்த்ரோபிக் 2024 ஆகஸ்டில் அறிமுகப்படுத்தியது. சேமிக்கும்போது கட்டணம் 25 விழுக்காடு மிகுதி. மீளப் படிக்கும்போது அடிப்படைக் கட்டணத்தில் 10 விழுக்காடு மட்டுமே. மேற்கண்ட எடுத்துக்காட்டில் செலவு 4.41 டாலரிலிருந்து ஏறத்தாழ 0.71 டாலராகக் குறைகிறது.

ஆயினும் இச்சேமிப்பு இயல்பாக 5 நிமிடமே நிலைக்கும்; ஒவ்வொரு பயன்பாட்டின்போதும் புதுப்பிக்கப்படும். நீண்ட உரையாடலின் இறுதியில் இடைவெளி விட்டுத் திரும்பினால், 3 சென்ட் ஆகவேண்டிய முறைக்கு 29 சென்ட் ஆகும். இடையில் மாதிரியை மாற்றினாலும் சேமிப்பு பயன்படாது. எனவே ஒரு பணி முடிந்ததும் ‘கிளியர்’ கட்டளையால் உரையாடலை நீக்கிப் புதிதாகத் தொடங்குவதும், எளிய பணிகளுக்குத் தொடக்கத்திலேயே சிறிய மாதிரியைத் தேர்வதும் நன்று.

தமிழ் உரையின் கூடுதல் சுமை

யுடிஎஃப்-8 குறியேற்றத்தில் தமிழ்க் குறியீடு ஒவ்வொன்றும் 3 பைட் கொள்ளும். ‘தமிழ்’ என்னும் சொல் மூன்றெழுத்தே ஆயினும் ஐந்து குறியீடுகளாகி 15 பைட் பெறுகிறது. ஆங்கில எழுத்துக்கு 1 பைட்டே போதும். டோக்கன் பகுப்பிலும் இவ்வேறுபாடு புலனாகிறது. 2024 மே மாதம் ஜிபிடி-4ஓ மாதிரியுடன் ஓப்பன்ஏஐ வெளியிட்ட ஒப்பீட்டில், ஒரு சிறுபத்தியின் தமிழ் வடிவம் 116 டோக்கன்களிலிருந்து 35 ஆகக் குறைந்தது; அதன் ஆங்கில வடிவம் 27இலிருந்து 24 ஆனது. இடைவெளி பெரிதும் குறைந்துள்ளதேயன்றி நீங்கவில்லை.

தரவை அனுப்பாது நிரலைப் பெறுதல்

நூற்றுக்கணக்கான கோப்புகளில் ஒரு சொல்லின் நிகழ்வெண்ணைக் காண வேண்டும் எனக் கொள்வோம். கோப்புகள் அனைத்தையும் உதவியாளரைப் படிக்கச் செய்து எண்ணச் சொல்வது முதல் வழி. இருபது வரி மாதிரியை மட்டும் காட்டி, எண்ணுவதற்குரிய பைத்தான் நிரலை எழுதச் செய்து, அதனைத் தம் கணினியில் இயக்குவது இரண்டாம் வழி. முதல் வழியில் தரவகம் முழுதும் கட்டணத்துக்கு உள்ளாகிறது. மாதிரிகள் எண்ணிக்கையில் பிழைபடுவதும் உண்டு. இரண்டாம் வழியில் நிரலை எத்தனை முறை இயக்கினாலும் டோக்கன் கட்டணம் இல்லை. அந்நிரலைப் பிறர் சரிபார்க்கவும் மீண்டும் இயக்கி அதே முடிவைப் பெறவும் இயலும்.

தரவகக் கோப்புறையைப் படிக்க வேண்டாம் என அறிவுறுத்தல் கோப்பில் குறிப்பதும், நிரலின் வெளியீடு முழுவதையும் திரையில் கொட்டாமல் கோப்பில் சேமிப்பதும், பிழைச்செய்தியின் இன்றியமையாத வரிகளை மட்டும் தருவதும் இந்நெறிக்குத் துணையாகும்.

முடிவுரை

உரையாடலைப் பணிவாரியாகப் பிரித்தல், இடைச்சேமிப்பைக் குலைக்காதிருத்தல், பணிக்கேற்ற மாதிரியைத் தேர்தல், தரவை அனுப்பாமல் நிரலைப் பெறுதல் ஆகிய நான்கும் செலவைக் குறைக்கும் வழிகளாகும். இவற்றுள் இறுதியானதே தமிழாய்வுக்குத் தலையாயது. உதவியாளர் தரும் எண்ணிக்கையை ஆய்வேட்டில் அப்படியே எடுத்தாளுபவருக்கு அதற்கான சான்று இல்லை. நிரலைப் பெற்றவரிடம் சான்றும் முறையியலும் ஒருங்கே உள்ளன.