மலையேறும் முன் பல்லைக் கடித்துப் பாருங்கள்

காரவள்ளியிலிருந்து கொல்லிமலைக்கு ஏறும் சாலையில் 70 கொண்டை ஊசி வளைவுகள். நாமக்கல்லிலோ சேலத்திலோ நான்கைந்து பற்களை ஒரே நாளில் ராவி, கேப் போட்டுக்கொண்டு மலைமேல் இருக்கும் செம்மேட்டுக்குப் பஸ் ஏறுபவருக்கு மரப்பு ஊசியின் வேகம் இறங்கத் தொடங்குவது அநேகமாக இந்த வளைவுகளில்தான். கீழ்த்தாடையில் போடும் ஊசி உதட்டையும் நாக்கையும் மூன்று முதல் ஐந்து மணி நேரம் மரத்துப்போகச் செய்யும். அது தெளிந்து வலி தலைகாட்டும்போது டாக்டர் அடிவாரத்தைத் தாண்டி எங்கோ இருப்பார். ஆகவே எந்த வலியை வீட்டிலேயே சமாளிக்கலாம், எந்த வலிக்கு மறுபடியும் மலையிறங்க வேண்டும் என்பது மலைவாசிகளுக்குக் கட்டாயம் தெரிந்திருக்க வேண்டிய விஷயம்.

கேப் உட்கார இடம் வேண்டும் என்பதால் பல்லைச் சுற்றிலும் ஒன்று முதல் இரண்டு மில்லிமீட்டர் வரை ராவி எடுக்கிறார்கள். மேலே இருக்கும் எனாமல் போனதும் டென்டின் வெளிப்படுகிறது. அதிலுள்ள நுண்ணிய குழாய்கள் நரம்பும் ரத்தநாளமும் இருக்கும் பற்கூழை நோக்கிச் செல்பவை. ராவும்போது எழும் சூடும், உலர்த்தும் காற்றும், ஒட்டும் சிமென்ட்டும் கூழுக்கு எரிச்சலூட்டுகின்றன. அளவெடுக்க ஈறை நூல் வைத்து விலக்கியதால் அதுவும் புண்ணாகியிருக்கும். நெடுநேரம் வாயைப் பிளந்து வைத்திருந்ததில் தாடை மூட்டும் நோகும். பல பற்களில் ஒரே சமயத்தில் வேலை நடந்தால் இத்தனையும் சேர்ந்து, எது வலிக்கிறது என்றே சொல்ல முடியாமல் போகும்.

குளிர்ந்த தண்ணீர் பட்டதும் சுரீரென்று கூசி, சில நொடியில் அடங்கிவிடும் கூச்சத்துக்குப் பயப்பட வேண்டாம். நாளடைவில் குறைந்து சில வாரங்களில் அது போய்விடும். பொட்டாசியம் நைட்ரேட் கலந்த கூச்சத்துக்கான பற்பசை உதவும். ஆனால் பலன் தெரிய இரண்டு வாரமாவது ஆகும்.

மெல்லும்போது மட்டும் வலித்தால் கதை வேறு. கேப் ஒரு நூல் உயரமாக இருந்தாலும் வாயை மூடும்போதெல்லாம் அந்தப் பல்தான் முதலில் அடி வாங்கும். வேரைச் சுற்றியுள்ள தசைநார் நசுங்கி வலிக்கும். ரூட் கேனல் செய்து நரம்பே இல்லாத பல்லும் வலிப்பதற்கு இது முக்கியக் காரணம். டாக்டர் நீலத் தாளைப் பற்களுக்கிடையே வைத்துக் கடிக்கச் சொல்வது இதற்காகத்தான். உயரமான இடத்தில் நீலம் அழுத்தமாகப் பதியும், அதை லேசாக ராவிவிட்டால் போதும். ஆனால் தாடை மரத்திருக்கும்போது கடி சரியா என்று நோயாளிக்கே பிடிபடாது. கீழே தங்க இடம் இருந்தால், ஒரு வேளை சாப்பிட்டுப் பார்த்து, மறுநாள் கடியை இன்னொரு முறை சோதித்துக்கொண்டு ஊர் திரும்புவது நல்லது. இந்த வலி எந்த மாத்திரைக்கும் முழுதாகக் கட்டுப்படாது. பொறுத்துப் பொறுத்துப் போனால் கூழும் கெடக்கூடும்.

வலி மாத்திரையின் முதல் வேளையை மரப்பு தெளிவதற்கு முன்பே, வயிற்றில் எதையாவது போட்டுக்கொண்டு, விழுங்கிவிட வேண்டும். பல்வலிக்கு இபுப்ரோஃபென், தேவைப்பட்டால் அதனுடன் பாராசிட்டமால் என்பதே இன்று மருத்துவர்களின் முதல் தேர்வு. குடற்புண், சிறுநீரகக் கோளாறு, ஆஸ்துமா உள்ளவர்களும், ரத்தம் உறையாமலிருக்க மருந்து சாப்பிடுபவர்களும், கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்காமல் இபுப்ரோஃபெனைத் தொடக்கூடாது. பாராசிட்டமால் அளவு மீறினால் கல்லீரல் கெடும். மருந்துக் கடையில் ஆன்டிபயாடிக் கேட்டு வாங்குவதும் தவறு. சீழோ காய்ச்சலோ இல்லாத வெறும் பல்வலியை அது தணிக்காது.

வெதுவெதுப்பான தண்ணீர் ஒரு டம்ளர், அதில் அரை ஸ்பூன் உப்பு: புண்ணான ஈறுக்கு இது போதும். கிராம்புத் தைலத்தில் உள்ள யூஜெனால் மரக்கச் செய்யும் என்பது உண்மைதான். அதையே நீர்க்காமல் பஞ்சில் நனைத்து வைத்தால் ஈறு வெந்துவிடும். ஆஸ்பிரினைப் பல்லோரம் அடக்கிக்கொள்வதும் அப்படியே.

விமானிகளுக்கு உயரம் ஏறும்போது வரும் பல்வலி இரண்டாம் உலகப் போர்க் காலத்திலேயே கவனிக்கப்பட்டது. காற்றழுத்தம் குறையும்போது, ஏற்கெனவே வீங்கியிருக்கும் கூழ் வலிக்கிறது. மலைச்சாலையில் ஏற்றம் மெதுவானது என்பதால் பெரும்பாலோருக்கு ஒன்றும் தெரியாது. ஏறும்போது வலி வந்தால் அந்தப் பல்லை டாக்டரிடம் குறிப்பாகக் காட்ட வேண்டும்.

சாப்பாட்டுக்கு மலையிலேயே வழி இருக்கிறது. ஆறவைத்த சாமைக் கஞ்சி, ராகிக் கூழ், மலைவாழைப் பழம் எதுவும் பல்லைச் சோதிக்காது. மிளகு தூக்கலான ரசத்தை ஈறு ஆறும்வரை தள்ளிப்போடலாம். நிரந்தரக் கேப் தயாராகும் முன் போடும் தற்காலிகக் கேப் இருக்கும்வரை கடலை மிட்டாயும் எள்ளுருண்டையும் கூடாது, ஒட்டிக்கொண்டு கேப்பைப் பிடுங்கிவிடும். கொட்டைப்பாக்கைக் கடிப்பவர்கள் நிரந்தரக் கேப் போட்ட பிறகும் அதை விட்டுவிடுவதே உத்தமம். கேப் கழன்றால் கடைப் பசையால் ஒட்டாமல், சிறு டப்பாவில் போட்டு எடுத்துக்கொண்டு சில நாட்களுக்குள் டாக்டரிடம் போக வேண்டும். தாமதித்தால் பக்கத்துப் பற்கள் நகர்ந்து, அதே கேப் மறுபடி பொருந்தாது.

சூடு பட்டு நிமிடக்கணக்கில் நீளும் வலி, தூக்கத்திலிருந்து எழுப்பிவிடும் விண்விண் என்ற தெறிப்பு, ஈறில் கொப்புளம் ஆகியவை கூழ் கெட்டுவிட்டதைக் காட்டும் அறிகுறிகள். இவை தெரிந்தால் நாமக்கல் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ திருச்செங்கோட்டுப் பகுதியில் உள்ள பல் மருத்துவக் கல்லூரிகளுக்கோ போகலாம். முகம் வீங்கி, காய்ச்சலோடு வாய் திறக்கவோ விழுங்கவோ மூச்சுவிடவோ சிரமப்பட்டால் காலைப் பஸ்ஸுக்குக் காத்திருக்கக் கூடாது. உடனே 108-ஐ அழைக்க வேண்டும்.

போட்ட காசு வீணாகிவிடுமே என்று பயந்து வலியை அடக்கிக்கொண்டு இருப்பவர்கள் உண்டு. ஸ்காட்லாந்தில் நடத்தப்பட்டு 1998-ல் வெளியான ஓர் ஆய்வில், உயிரோடிருந்தபோது கேப் போடப்பட்ட பற்களில் ஐந்தில் ஒன்றுக்குச் சற்றுக் குறைவானவற்றில் பின்னாளில் வேர்நுனி நோய் தெரிந்தது. அதாவது, இது நோயாளி செய்த தவறு என்று நினைக்க வேண்டியதில்லை. அப்படி ஆனாலும் பெரும்பாலும் கேப்பைக் கழற்றாமலே, அதன் மேல் சிறு துளை போட்டு ரூட் கேனல் செய்து, துளையை அடைத்துவிட முடியும்.