காய்ச்சுபவர் வேறு, கலப்பவர் வேறு

கிருஷ்ணகிரி மாவட்டத்துத் தளிக்கு வடக்கே கொஞ்ச தூரத்தில் கர்நாடகத்தின் ஆனேக்கல். மதுவிலக்கு வரலாற்றில் இந்த எல்லைப் பகுதிக்குத் தனி இடம் உண்டு. ராஜாஜி பிறந்த தொரப்பள்ளி ஓசூருக்குப் பக்கத்தில்தான். 1937 அக்டோபரில் அவர் முதன்முதலாக மதுவிலக்கு கொண்டுவந்த அன்றைய சேலம் மாவட்டத்தில் ஓசூர் வட்டமும் அடங்கியிருந்தது. 2007 ஜூலையில் கர்நாடகமும் சாராயத்துக்குத் தடை போட்டது. ஓராண்டுகூட ஆகவில்லை, 2008 மே மாதம் பெங்களூரு வட்டாரத்திலும் கிருஷ்ணகிரி மாவட்டத்திலும் விஷச்சாராயம் 150க்கும் மேற்பட்டோரைக் கொன்றது.

இப்படிச் சாவு நேரும் ஒவ்வொரு முறையும் பழி 'சாராயம் காய்ச்சுபவர்' மேல் விழுகிறது. அவர் செய்யும் வேலைதான் என்ன?

வெல்லம், வேலம்பட்டை, அழுகிய பழங்களைத் தண்ணீரில் போட்டு மூடிவைக்கிறார். ஈஸ்ட் நுண்ணுயிர்கள் சர்க்கரையை எத்தனாலாக மாற்றுகின்றன. நுரை தள்ளிப் புளித்த வாடை எழும். இதுதான் ஊறல். எத்தனாலின் கொதிநிலை ஏறக்குறைய 78 டிகிரி, தண்ணீருக்கு 100. ஆகவே ஊறலை அடுப்பில் ஏற்றினால் எழும் ஆவியில் எத்தனால் செறிவு கூடும். பானையின் வாயில் குளிர்ந்த நீர் நிரப்பிய சட்டி உட்கார்ந்திருக்கும். அதன் அடிப்புறத்தில் ஆவி பட்டு, வியர்த்து, சொட்டுச் சொட்டாக இறங்குவதே சாராயம். பெங்களூரு அம்ருத் ஆலையின் விஸ்கிக்கும் அடிப்படை இதே விதிதான்.

இந்த முறையில் மெத்தனால் என்ற நச்சும் கொஞ்சம் உருவாகும். பழத்தோலில் உள்ள பெக்டின் அதற்குக் காரணம். ஆனால் ஊரையே சாய்க்கும் அளவு அதில் வராது. அவ்வளவு மெத்தனால் பீப்பாய்களில் வருவது. பெயின்ட், பிசின், கரைப்பான் தொழில்களுக்கான ரசாயனம் அது. தண்ணீர் சேர்த்துப் பாக்கெட்டில் அடைப்பதற்கு அடுப்பும் வேண்டாம், ஊறலும் வேண்டாம். 2023இல் மரக்காணத்திலும் 2024இல் கள்ளக்குறிச்சியிலும் உயிர்களை வாங்கியது மெத்தனால்தான். நிறம், மணம், சுவை எதிலும் குடிப்பவர் அதைப் பிரித்தறிய முடியாது. தீக்குச்சி கிழித்துப் பார்த்தாலும் எத்தனாலைப் போலவே நீலமாக எரியும்.

கள்ளச்சாராயம் காய்ச்சுவதும் குற்றம்தான். அதற்காக யாரும் பரிந்து பேச வேண்டியதில்லை. ஆனால் ஊறல் பானைகளை உடைத்துவிட்டு மெத்தனால் பீப்பாய்கள் போகும் வழியைக் கவனிக்காமல் விட்டால் சாவு நிற்காது.

கல்லீரல் மெத்தனாலை ஃபார்மிக் அமிலமாக்குகிறது. அது பார்வை நரம்பைத் தாக்குகிறது. அறிகுறி தெரியப் பல மணி நேரம், சில சமயம் ஒரு நாளுக்கு மேலும் ஆகலாம். குடித்தவருக்குக் கண் மங்கினாலோ, வயிறு வலித்து வாந்தி வந்தாலோ, போதை என்று தூங்கவிடாதீர்கள். வழக்குக்குப் பயந்து மறைக்கவும் வேண்டாம். உடனே 108ஐ அழையுங்கள். என்ன குடித்தார் என்பதை மருத்துவரிடம் அப்படியே சொல்லுங்கள்.