பை தூக்கவா? பந்தடிக்கவா?

கோல்ப் என்றோர் ஆட்டம். குழிப்பந்தாட்டம் என்று தமிழில் கூறுவர். பரந்த புல்வெளி, கைக்குள் அடங்கும் வெள்ளைப் பந்து, பதினெட்டுக் குழிகள். மட்டையால் அடித்துப் பந்தைக் குழியிலே வீழ்த்த வேண்டும். குறைந்த அடிகளில் முடித்தவர் வென்றவர். சீமான்களின் ஆட்டம் என்று அதற்குப் பெயர். மரக்காணம் உப்பளத்திலே, கிழக்கு வெளுக்கும் முன்பே பாத்தியில் இறங்கும் தொழிலாளித் தோழர், "எனக்கும் அதற்கும் என்ன ஒட்டு, என்ன உறவு?" என்று கேட்கக்கூடும். ஒட்டும் உண்டு, உறவும் உண்டு. கேளுங்கள்.

இந்த ஆட்டத்திலே இளையோருக்கென்று குழுப் போட்டிகள் நடைபெறுகின்றன. ஜப்பான் நாட்டில் 1992 முதல் இளையோர் உலகக் கோப்பை நடத்துகிறார்கள். பையன்கள் அணியில் நாட்டுக்கு நால்வர். நாள்தோறும் நால்வரும் ஆடுவர். அவர்களிலே சிறந்த மூவரின் கணக்கு மட்டும் அணிக்குச் சேரும். இன்று ஒருவன் சறுக்கினால் மூவர் தாங்குவர். நாளை அந்த ஒருவனே மற்றவனைத் தாங்குவான். அமெரிக்காவும் ஐரோப்பாவும் மோதும் இளையோர் ரைடர் கோப்பையில் அணிக்குப் பன்னிருவர் - ஆறு பையன்கள், ஆறு பெண்கள். அதிலே ஒரு முறை உண்டு: இருவருக்கு ஒரே பந்து! இவர் ஓர் அடி, அவர் அடுத்த அடி. ஒருவர் செய்த பிழையை மற்றவர் திருத்தியாக வேண்டும்.

இந்தப் பாடத்தை உப்பளத்துப் பிள்ளைக்குப் புதிதாகவா சொல்லித்தர வேண்டும்? தந்தை பாத்தியிலே உப்பை வாரி வரப்பில் ஒதுக்க, தாய் அதைத் தலையிலே சுமந்து அம்பாரத்தில் கொட்ட, ஒருவர் உழைப்பை மற்றவர் உழைப்பு தொடர்ந்து முடிப்பதைப் பிறந்தது முதல் பார்த்து வளர்ந்த பிள்ளையல்லவா அது!

சீமான்களின் ஆட்டம் என்கிறார்களே, அதுவாவது உண்மையா? வரலாற்றைப் புரட்டுங்கள். ஸ்காட்லாந்து நாட்டிலே 1457ஆம் ஆண்டு இந்த ஆட்டத்துக்குத் தடை போட்டார்கள். ஏன்? மக்கள் வில்வித்தையை மறந்து பந்தின் பின்னே ஓடுகிறார்களாம்! சட்டம் போட்டுத் தடுக்கும் அளவுக்கு ஊரே ஆடிய ஆட்டம் அது. ஆடிய இடம் அரண்மனைத் தோட்டமா? இல்லை. உழவுக்கு உதவாத கடலோர மணல்மேடு! உப்புக் காற்று வீசும் பொட்டல்வெளி! செயின்ட் ஆண்ட்ரூஸ் என்னும் ஊரின் மணல்வெளியிலே ஊரார் ஆடும் உரிமையை 1552ஆம் ஆண்டுச் சாசனம் ஒப்புக்கொண்டது. உலகம் போற்றும் அந்தத் திடல் இன்றும் பொதுத் திடல். ஞாயிற்றுக்கிழமைகளில் வழக்கமாக ஆட்டம்கூட இல்லை; ஊர்மக்கள் உலாவும் வெளி அது. கடற்கரை மக்களின் ஆட்டமாகப் பிறந்ததை, நம் நாட்டிலே கம்பிவேலிக்குள் அடைத்தவர் யார்?

வெள்ளைக்காரன் கொண்டுவந்தான். 1829இலே கல்கத்தாவில் சங்கம் கண்டான். அவன் கப்பலேறிய பிறகும் வேலி மட்டும் கப்பலேறவில்லை! சென்னைக் கிண்டியிலே குதிரைப் பந்தயத் திடல் - 160 ஏக்கர். அதற்குள்ளேயே கோல்ப் திடலும் இருந்தது. 1945ஆம் ஆண்டுக் குத்தகைப்படி ஆண்டு வாடகை எவ்வளவு தெரியுமா? 614 ரூபாய் சொச்சம்! 2024 செப்டம்பரில் அந்தக் குத்தகையை அரசு ரத்து செய்தது, வழக்குகளும் எழுந்தன. வழக்கை மன்றம் பார்த்துக்கொள்ளட்டும். நாம் கேட்பது வேறு: அத்தனை ஆண்டுகளில் எத்தனை ஏழைப் பிள்ளைகள் அந்தப் புல்லை மிதித்தார்கள், பை தூக்குவதற்காக அல்லாமல்?

பை தூக்கியவனுக்குத் திறமை இல்லையா? டில்லியிலே பை தூக்கிய அலி ஷேர், 1991இல் இந்திய ஓப்பன் பட்டத்தை வென்றார். 1993இல் மீண்டும் வென்றார். கல்கத்தாத் திடலிலே புல் பராமரித்த தொழிலாளியின் மகன் சௌராசியா, 2008இல் இந்தியன் மாஸ்டர்ஸ் பட்டத்தைத் தட்டிச் சென்றார். பெங்களூரில் பை தூக்கிய முனியப்பா, 2009இல் இந்திய ஓப்பன் வீரரானார். பை தூக்கிய கை பரிசையும் தூக்கியது! எவரும் அழைத்துக் கற்பிக்கவில்லை; கண்ணால் கற்றார்கள். கண்ணால் கற்றே இவ்வளவு என்றால், கையில் மட்டை கொடுத்துக் கற்பித்தால் எவ்வளவு?

பெண்களால் ஆகுமா என்று கேட்போருக்கும் விடை உண்டு. பெங்களூர்ப் பெண் அதிதி அசோக், 2014இல் இளையோர் ஒலிம்பிக்கில் ஆடினார். 2016இல் பதினெட்டு வயதில் ரியோ ஒலிம்பிக். 2021இல் டோக்கியோவில் நான்காம் இடம். ஒரே ஓர் அடியில் வெண்கலம் தவறியது! ரியோவிலே அவர் பையைச் சுமந்தவர் தந்தை. டோக்கியோவிலே சுமந்தவர் தாய். பெற்றோர் தோள் கொடுத்தால் பெண் எட்டாத உயரம் ஏது? ஆனால், தோள் முழுதும் உப்புக் கூடையே நிறைந்திருக்கும் பெற்றோர் என்ன செய்வர்? அங்கேதான் அரசும் சமுதாயமும் தோள் கொடுக்க வேண்டும்.

"முதலில் சோறு, பிறகு விளையாட்டு" என்பார்கள் சிலர். சோற்றின் அருமை மரக்காணத்துக்குத் தெரியாதா? மழைக்காலம் வந்தால் பாத்தியிலே வேலை இல்லை. 2024 நவம்பர் 30 அன்று பெஞ்சல் புயல் அடித்தபோது உப்பளமே நீருக்குள் கிடந்தது. அந்த மாதங்களுக்கு நிவாரணம் வேண்டும், கூலி உயர வேண்டும். அந்தப் போராட்டம் ஓயாது. ஆனால் சோறு கேட்பவன் வேறெதையும் கேட்கக்கூடாது என்பது எந்த ஊர் நியாயம்?

உப்பளத்தை அழித்துப் புல்வெளி போடு என்று கேட்கவில்லை. அது தொழிலாளியின் வயிற்றில் அடிப்பது. கழுவேலி ஏரிப்பக்கம் எவரும் கண் வைக்கவும் கூடாது. 2021இல் அது பறவைகள் சரணாலயமாக அறிவிக்கப்பட்டுவிட்டது. கோல்ப் திடல் குடிக்கும் தண்ணீருக்கு இந்தக் கரையில் வழியும் இல்லை. நாம் கேட்பது எளிது. அரசுப் பள்ளித் திடலிலே ஒரு வலை, சில மட்டைகள், ஒரு கூடைப் பந்து, ஒரு பயிற்சியாளர். பொதுநிலத்திலே குத்தகைக்கு இருக்கும் ஒவ்வொரு சங்கமும், வாரத்தில் ஒரு நாள் அரசுப் பள்ளிப் பிள்ளைகளுக்குக் கதவு திறக்கட்டும். மாநில இளையோர் அணியைத் தேர்ந்தெடுக்கும் நாளில் அந்தப் பிள்ளைகளையும் வரிசையிலே நிறுத்தட்டும்.

2024 ஜனவரியில் தமிழகத்திலே நடந்த கேலோ இந்தியா இளையோர் போட்டியில், நம் பிள்ளைகள் 38 தங்கம் உள்பட 98 பதக்கங்களைக் குவித்து இரண்டாம் இடம் பெற்றார்கள். அங்கே கோல்ப் இல்லை. கதவு திறந்திருந்த இடத்திலெல்லாம் நுழைந்து வென்ற பிள்ளைகள், மூடிய கதவின் முன்னே மட்டும் எப்படி வெல்வார்கள்?

தோழர்களே! நால்வர் அணியிலே மூவர் நகரத்துப் பிள்ளைகளாக இருக்கட்டும், வாழ்த்துவோம். நான்காவது இடம் எங்கள் கடற்கரைக்கு! சலுகையாக அல்ல, சரிசமமாக ஆடிப் பெறுவதற்கு. உப்பளத்துப் பிள்ளை அந்தத் திடலுக்குள் நுழையும் நாளில், அவன் தோளில் இருக்கும் பை அவனுடைய பையாக இருக்க வேண்டும்!